உயிரியல் பட்டம் முடித்தாயிற்று, முதல் வேலைக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

உப்புவெளிப்பூ:

எல்லோருக்கும் வணக்கம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் முடித்துப் பத்து மாதம் ஆகிறது. பாடங்கள் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல். கடைசி வருடம் மூலக்கூற்று உயிரியல் படித்தபோதுதான் இந்தத் துறையில் வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆனால் டிஎன்ஏயைப் பல பிரதிகளாகப் பெருக்குகிற பிசிஆர் இயந்திரத்தை ஒரே ஒரு நாள்தான் கண்டேன், அதுவும் இருபது பேருக்குப் பின்னால் எட்டி நின்று.

இப்போது வீட்டில் இருக்கிறேன். உயிர்த்தொழில்நுட்ப வேலை என்று தேடினால் பெங்களூர், சிங்கப்பூர், பொஸ்டன் என்றுதான் வருகிறது. திருகோணமலையில் உப்புவெளியில் இருக்கிறவள் எங்கே தொடங்குவது? ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடு என்று அம்மா நாளுக்கு இரண்டு தரம் சொல்கிறார். கொழும்பில் ஒரு தனியார் நிலையம் ஆறு மாத டிப்ளோமா என்று விளம்பரம் போட்டிருக்கிறது. கட்டணத்தைக் கேட்டுவிட்டு, அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறார் அப்பா. எனக்கு மனம் வரவில்லை.

இந்தத் துறையில் இருப்பவர்கள் உண்மை நிலவரத்தைச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி லாபில் என் பட்டம் செல்லுமா? மாஸ்டர்ஸ் இப்போதே செய்ய வேண்டுமா? ஊரோடு இருந்து செய்கிற வேலை ஏதும் உண்டா?

சீனக்குடா:

தங்கச்சி, சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும்.

நானும் வந்தாறுமூலைதான், ஒன்பது வருடம் முந்தி. இப்போது கம்பஹாப் பக்கம் ஒரு உணவுத் தொழிற்சாலையில் நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். என் பதவிப் பெயரில் பயோடெக் என்ற சொல்லே கிடையாது. நீங்கள் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவதால்தான் ஒன்றும் அகப்படவில்லை. கியூசி (தரக் கட்டுப்பாடு) அசிஸ்டன்ட், மைக்ரோபயோலொஜிஸ்ட், லாப் அனலிஸ்ட், ரிசேர்ச் அசிஸ்டன்ட், குவாலிட்டி எக்ஸிகியூட்டிவ் என்று தேடிப் பாருங்கள். பால், இறைச்சி, மீன் ஏற்றுமதி, குடிபானம், மருந்து, அழகுசாதனம் என்று எந்தத் தொழிற்சாலையை எடுத்தாலும் உள்ளே ஒரு சின்ன ஆய்வுகூடம் இருக்கும். நம்மைப் போன்ற புதுப் பட்டதாரிகள் அந்த வாசலால்தான் உள்ளே போகிறோம்.

வேலை எப்படி என்றால், காலையில் நுண்ணுயிர் வளர்க்கிற ஊடகத்தைக் கரைத்து, கிருமி நீக்க 121 பாகை செல்சியசில் 15 நிமிடம் ஓட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் போடுவேன். பிறகு மாதிரிகள் வரும். ஐதாக்குவது, தட்டில் ஊற்றுவது, இன்குபேட்டரில் வைப்பது, முந்தாநாள் வைத்த தட்டை எடுத்து எண்ணுவது. எண்ணியதை அங்கேயே பேனையால் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டும். பிழை வந்தால் ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் கையெழுத்தும் திகதியும். திருத்த மைப் போத்தலை ஆய்வுகூடத்துக்குள் கொண்டு போனாலே ஏச்சு விழும். சலிப்பான வேலை என்று முதல் மாதம் நினைத்தேன். ஒரு நாள் நான் எண்ணிய தட்டு ஒன்றால் ஒரு முழுத் தொகுதிப் பாலுணவை வெளியே போகாமல் நிறுத்தினார்கள். அதை யாரோ ஒரு பிள்ளை குடித்திருக்கும். அன்றைக்குப் பிறகு சலிப்பு என்று நான் சொன்னதில்லை.

நேர்முகத்தில் என்னிடம் கேட்ட கணக்கைத் தருகிறேன், செய்து பாருங்கள். ஒரு மில்லிலீற்றர் மாதிரியை 9 மில்லிலீற்றர் ஐதாக்கியில் கலக்கிறோம். அதில் ஒன்றை எடுத்து அடுத்த 9இல். இப்படி நான்கு தரம். கடைசிக் குழாயில் இருந்து 0.1 மில்லிலீற்றர் எடுத்துத் தட்டில் பரப்பினால் 43 கொலனி, அதாவது கண்ணுக்குத் தெரிகிற பக்டீரியாப் புள்ளி, வந்தது. மூல மாதிரியின் ஒரு மில்லிலீற்றரில் எத்தனை?

உப்புவெளிப்பூ:

அண்ணா, 4 லட்சத்து 30 ஆயிரமா?

சீனக்குடா:

பத்தாயிரத்தால் பெருக்கியது சரி. ஆனால் தட்டில் போட்டது 0.1 மில்லிலீற்றர்தானே? இன்னும் ஒரு பத்தால் பெருக்குங்கள். 43 லட்சம். நேர்முகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். இன்று இங்கே வழுக்கியது நல்லது.

கிண்ணியா07:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ஆஸ்பத்திரிக் கேள்விக்கு நான் சொல்கிறேன். நான் அரச ஆஸ்பத்திரியில் எம்எல்டி, அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்.

தங்கச்சி, அந்த வேலைக்கு இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு அதற்கென்று உள்ள மருத்துவ ஆய்வுகூடப் படிப்பைப் படித்திருக்க வேண்டும். பேராதனை, யாழ்ப்பாணம் போன்ற பல்கலைக்கழகங்களில் அந்தப் பட்டம் இருக்கிறது, உயர்தரப் பெறுபேற்றில் இசட் ஸ்கோரோடு நேரே போக வேண்டும். தாவரவியல், விலங்கியல் பட்டத்தை வைத்துக்கொண்டு பிறகு மாறிக்கொள்ள முடியாது. இதைத் தெரியாமல் எத்தனை பிள்ளைகள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குகிறார்கள், பார்க்கவே கவலை. சில தனியார் நிலையங்கள் 'இந்த டிப்ளோமா முடித்தால் ஆஸ்பத்திரி லாபில் வேலை' என்று சொல்லிப் பணம் வாங்குகின்றன. சேரும் முன் மருத்துவ சபையிலேயே நேரடியாகக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. மரபணுப் பரிசோதனை செய்கிற ஆய்வுகூடங்களிலும் ஆராய்ச்சிப் பிரிவுகளிலும் மூலக்கூற்று உயிரியல் தெரிந்த பட்டதாரிகளை எடுக்கிறார்கள். கொவிட் நேரம் பிசிஆர் வேலைக்கு அப்படிப் பலர் வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து வெளியே போனாலும் கையில் அனுபவம் இருந்தது, அதை வைத்தே வேறு இடம் பிடித்தார்கள்.

சாம்பல்தீவு:

எல்லோரும் கொழும்புக்குப் போ, கம்பஹாவுக்குப் போ என்கிறீர்கள். ஒரு பெண் பிள்ளை அங்கே அறை எடுத்து, சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்து, முதல் சம்பளத்தில் என்ன மிஞ்சும்? அம்மா சொல்வதில் பிழை இல்லை. ஆசிரியர் சேவை நிரந்தரம், ஓய்வூதியம் உண்டு, வீட்டுச் சோறு. நம்முடைய மாவட்டத்துக் கிராமப் பள்ளிகளில் உயர்தர உயிரியல் படிப்பிக்க ஆள் கிடைக்காத நிலையும் இருக்கிறது. நான் ஆசிரியர். என்னிடம் படித்த பிள்ளைகளில் மூன்று பேர் இன்று விஞ்ஞான பீடத்தில். இது சின்ன வேலை இல்லை.

மூதூர்மகள்:

சேர், நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். எனக்கு உயிரியல் படிப்பித்த மிஸ் இல்லாவிட்டால் நான் இங்கே இல்லை. ஆனால் ஆசிரியர் ஆட்சேர்ப்பு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தால் கை மறந்துவிடும். விண்ணப்பத்தையும் போடட்டும், வேலைக்கும் போகட்டும். ஒன்று மற்றதைத் தடுக்காது.

தங்கச்சி, நான் பேராதனையில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை போன்றவை பேராசிரியர்களுக்கு ஆராய்ச்சி நிதி கொடுக்கும்போது உதவியாளர் ஒருவரின் சம்பளமும் அதில் இருக்கும். அநேகமாக ஒன்றிரண்டு வருட ஒப்பந்தம். அதோடு எம்பில் என்ற ஆராய்ச்சிப் பட்டத்துக்கும் பதிவு செய்யலாம். மாஸ்டர்ஸ் பற்றிக் கேட்டீர்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயன, மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழில்நுட்ப நிறுவகத்திலும் பேராதனையின் பட்டப்பின் விஞ்ஞான நிறுவகத்திலும் நல்ல படிப்புகள் உள்ளன. ஆனால் சொந்தக் காசைக் கொட்டி இப்போதே ஓட வேண்டாம். ஒரு வருடம் ஆய்வுகூடத்தில் நின்றால் எந்தப் பக்கம் விருப்பம் என்று தெரியும், பிறகு அதற்கேற்ற படிப்பை எடுக்கலாம்.

எனக்கு அந்த வேலை கிடைத்த விதம் இது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துப் போகவில்லை. பதினான்கு விரிவுரையாளர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன், ஒவ்வொருவருடைய ஆய்வுக் கட்டுரையையும் வாசித்துவிட்டு, எந்தப் பகுதியில் எனக்கு ஆர்வம் என்று நான்கு வரி எழுதி. பதினொரு பேர் பதிலே போடவில்லை. இரண்டு பேர் இடமில்லை என்றார்கள். ஒருவர் வரச் சொன்னார்.

முதல் நாள் அவர், துளியிலும் சிறிய அளவு திரவத்தை அளந்து எடுக்கிற ஒரு மைக்ரோபிப்பெற்றையும் தராசையும் முன்னால் வைத்து, 'நூறு மைக்ரோலீற்றர் தண்ணீரைப் பத்துத் தரம் எடுத்து நிறுத்துக் காட்டு' என்றார். நூறு மைக்ரோலீற்றர் தண்ணீர் கிட்டத்தட்ட 0.1 கிராம் வர வேண்டும். எனக்கு முதல் தரம் 0.112, அடுத்தது 0.094. காரணம், பெருவிரலால் பிப்பெற்றின் பொத்தானை இரண்டாவது தடைவரை அமர்த்திக்கொண்டு உறிஞ்சினேன், விரலையும் சடாரென்று விட்டேன். முதல் தடைவரை மெல்ல அமர்த்தி, நுனியைத் தண்ணீருக்குள் இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டும் வைத்து, விரலை ஆறுதலாக விட வேண்டும். வெளியே விடும்போதுதான் இரண்டாவது தடை. அன்று பின்னேரம் வரை தண்ணீரைத்தான் நிறுத்தேன். கம்பஸில் நான்கு வருடம் இருந்தும் யாரும் என்னிடம் இதைச் செய்யச் சொன்னதில்லை, ஏனென்றால் எட்டுப் பேருக்கு ஒரு பிப்பெற். எங்கள் பிள்ளைகளுக்கு மூளையில் குறையில்லை. கை பழகுவதற்கு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

தம்பலகாமத்தான்:

பிள்ளை, நான் படித்தவன் இல்லை, வயலும் வாழையும் செய்கிறவன். ஆனாலும் இதில் சொல்ல ஒன்று இருக்கிறது. என் மகள் குருநாகல் பக்கம் ஒரு இழைய வளர்ப்பு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். உயர்தரம் முடித்துவிட்டு உதவியாளராகச் சேர்ந்தாள், இப்போது ஒரு பகுதிக்கே பொறுப்பு.

நான் ஒரு தரம் போய்ப் பார்த்தேன். வாழைக் குட்டியை உரித்து உரித்து, உள்ளே இருக்கிற குருத்தைப் பட்டாணி அளவுக்கு வெட்டி எடுக்கிறார்கள். குளோரொக்ஸ் தண்ணீரில் கழுவி, கூழ் போன்ற ஊடகத்தில் போத்தலுக்குள் வைக்கிறார்கள். மூன்று நான்கு கிழமையில் ஒன்று பலதாகிக் குட்டி போடுகிறது, அதைப் பிரித்து அடுத்த போத்தல்களுக்கு மாற்றுகிறார்கள். பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டி முன்னால் இருந்து, சாமணத்தை நெருப்பில் காட்டிக் காட்டி, நாள் முழுக்க அதே வேலை. ஒருத்தி தும்மினால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரு போத்தலில் பூஞ்சணம் பிடித்தால் அதைத் திறக்காமலே கொண்டுபோய் அவித்துவிட வேண்டுமாம்.

அப்புறம் அந்தக் கன்று என் நிழல்வலைக்கு வரும்போது தொட்டால் வாடிவிடும், போத்தலுக்குள் ஈரத்தில் வளர்ந்த பிள்ளை அது. கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டிப் பழக்குவேன். நோய் இல்லாத கன்று, ஒரே நேரத்தில் குலை தள்ளும், வியாபாரிக்கு வசதி. நம்முடைய தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் தண்ணீரும் நிலமும் இருக்கிறது. இந்தக் கன்றைப் பழக்கி விற்க ஊரில் ஆள் இல்லை. நான் இரண்டு நாள் வாகனம் பிடித்துப் போய் ஏற்றி வருகிறேன். ஊரோடு வேலை என்று கேட்டாயே பிள்ளை, இதை யோசித்துப் பார். வந்தால் என் வலைக்கூடாரத்தைக் காட்டுகிறேன்.

கோணேசபுரி2:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் உயர்தரம் தொழில்நுட்பப் பிரிவு, உயிர்முறைமைகள் தொழில்நுட்பம் படிக்கிறேன். பயோ பிரிவுக்காரர்தான் இந்த வேலைகளுக்குப் போகலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

மூதூர்மகள்:

உண்மை இல்லை தம்பி. தொழில்நுட்பப் பிரிவு 2013இல்தான் பாடசாலைகளுக்கு வந்தது, அதனால் பல வீடுகளில் இன்னும் பழக்கமில்லை. உயிர்முறைமைகள் தொழில்நுட்பப் பட்டம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகத்திலும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. உணவு பதப்படுத்தல், இழைய வளர்ப்பு, நீர்வாழ் உயிரின வளர்ப்பு எல்லாவற்றுக்கும் பொருத்தம். ஆங்கிலத்தை மட்டும் இப்போதே கவனியுங்கள்.

அலஸ்தோட்டம்:

டிப்ளோமாவைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும். எட்டு வருடம் முந்தி நானும் ஒரு இடத்தில் கட்டினேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. அண்ணன் கட்டாரில் இருந்து அனுப்பிய காசு. ஐந்து மாதம் திரையில் படம் காட்டினார்கள். டிஎன்ஏ துண்டுகளை மின்சாரத்தால் பிரித்துப் பார்க்கிற ஜெல் எலெக்ட்ரோபோரேசிசை அவர்கள் ஓட்ட, நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். கடைசியில் தங்க எழுத்தில் சான்றிதழ். அதை எந்த நேர்முகத்திலும் ஒருவரும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. அண்ணனிடம் அதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் எடுத்தது.

எல்லா இடமும் அப்படி என்று சொல்ல வரவில்லை. சேர முந்தி நேரே போய் ஆய்வுகூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு வகுப்புக்கு எத்தனை பிப்பெற், என் கையால் எத்தனை பிசிஆர் செய்வேன், முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், அவர்களில் இருவருடைய தொலைபேசி இலக்கம் தர முடியுமா என்று கேளுங்கள். தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது நான் ஆய்வுகூடக் கருவிகளும் இரசாயனங்களும் விற்கிற கம்பெனியில் இருக்கிறேன். விற்பனை என்றால் நம் ஆட்கள் முகம் சுளிப்பார்கள். பிசிஆர் இயந்திரத்தைப் பொருத்தி, வாங்கியவர்களுக்கு ஓட்டப் பழக்கிக் கொடுப்பதும் என் வேலைதான். ஐந்து மாத டிப்ளோமாவில் தொடாத கருவியை இங்கே முதல் வாரமே பிரித்துப் பூட்டினேன். எந்த ஆய்வுகூடத்தில் ஆள் குறைகிறது என்பதும் விளம்பரம் வருமுன் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று, எல்லோரும் மறப்பது. நியமனக் கடிதத்தில் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், கம்பெனி 12 வீதம், அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்குக் கம்பெனி 3 வீதம். பயிலுநர் என்று பெயர் வைத்து வருடக்கணக்கில் இது இல்லாமல் வேலை வாங்குகிற இடங்கள் உண்டு.

கன்னியா:

பிசிஆர் என்று இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. பிசிஆருக்கு உயிர் கொடுக்கிற டாக் நொதியம் வந்தது ஒரு வெந்நீரூற்றுப் பக்டீரியாவில் இருந்து. அமெரிக்காவின் யெலோஸ்டோன் ஊற்றில் கண்டெடுத்து 1969இல் பெயர் வைத்தார்கள். பிசிஆர் முறையை 1983இல் யோசித்த கேரி முல்லிசுக்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது. டிஎன்ஏ இழைகளைப் பிரிக்க 94, 95 பாகை வரை சூடாக்க வேண்டும், அந்தச் சூட்டில் அவிந்து போகாத நொதியம் தேவைப்பட்டது. நம்முடைய கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணற்றுத் தண்ணீர் தலையில் ஊற்றக்கூடிய சூடுதான், அந்த வகைப் பக்டீரியாவுக்கு அது போதாது. ஆனாலும் சின்ன வயதில் அந்தியேட்டிக்கு அங்கே போய் வாளியில் அள்ளி ஊற்றியபோது, இதற்குள்ளும் ஏதோ உயிர் இருக்கும் என்று ஒருவர் சொல்லித் தந்திருந்தால் நான் பத்து வருடம் முந்தியே இந்தப் பக்கம் வந்திருப்பேன்.

வேலைக்கு உதவுகிற ஒன்றும் சொல்கிறேன். நான் கணினிப் பக்கத்தில் இருந்து உயிர்த்தகவலியலுக்கு, அதாவது மரபணுத் தரவைக் கணினியால் ஆராய்வதற்கு, வந்தவன். இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், மடிக்கணினியும் இணையமும் போதும். என்சிபிஐ தளத்தில் மரபணு வரிசைகள் இலவசம். அங்கே வரிசைகளை ஒப்பிட்டுத் தேடுகிற பிளாஸ்ட் என்ற கருவியைப் பழகுங்கள். பைதன் என்ற நிரலாக்க மொழியைப் படிக்க ரொசலின்ட் என்ற தளத்தில் உயிரியல் கணக்குகளாகவே கொடுத்திருக்கிறார்கள், அதுவும் இலவசம். வேலை தேடுகிற மாதங்களில் நாளுக்கு ஒரு மணித்தியாலம் கொடுத்தால், நேர்முகத்தில் திறந்து காட்ட உங்களிடம் ஏதாவது இருக்கும்.

சாம்பல்தீவு:

அலஸ்தோட்டம் எழுதியதை வாசித்த பிறகு சங்கிலி விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். மகளே, விண்ணப்பத்தையும் போட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர்ப் பரிசோதனை வேலைகளையும் பாருங்கள். நீர்வழங்கல் சபைக்குப் பிராந்திய ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. குடிநீர் நியமம் எஸ்எல்எஸ் 614இன்படி 100 மில்லிலீற்றரில், மலம் கலந்ததைக் காட்டுகிற ஈகோலை பக்டீரியா ஒன்றுகூட இருக்கக்கூடாது. அதைப் பார்ப்பதும் நீங்கள் எல்லோரும் சொல்கிற நுண்ணுயிரியல்தானே. எங்கள் பள்ளிக்கூடக் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தபோது தெரிந்துகொண்டேன்.

உப்புவெளிப்பூ:

நீண்ட நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். ஏழு கிழமை ஓடிவிட்டது.

டிப்ளோமாவுக்குப் போகவில்லை. நிலையத்துக்குப் போன் எடுத்து, அலஸ்தோட்டம் அண்ணா சொன்னபடி பிப்பெற் எத்தனை என்று கேட்டேன். 'அதெல்லாம் வந்த பிறகு பார்க்கலாம்' என்றார்கள். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடகுக் கதையை அதோடு விட்டுவிட்டார்.

தம்பலகாமத்து ஐயாவின் வலைக்கூடாரத்துக்குப் போய் வந்தேன். இருநூறு கன்றைத் தட்டில் நட்டுக் கொடுத்தேன். பதினேழு வாடிப்போனது என்று பிறகு போனில் சொன்னார். என் கை இன்னும் அவசரப்படுகிறது.

இருபத்திரண்டு இடத்துக்கு விண்ணப்பித்தேன், மூன்று நேர்முகம். முதலாவதில் சிங்களம் வராததால் திணறினேன். இரண்டாவதில் ஆளே எடுக்கவில்லை. மூன்றாவது நீர்கொழும்புப் பக்கம் மீன் ஏற்றுமதி செய்கிற ஒரு தொழிற்சாலை. சூரை மீன் பழுதாகும்போது உண்டாகிற ஹிஸ்டமினை அளப்பது, ஐஸிலும் தண்ணீரிலும் ஈகோலை, சல்மொனெல்லா பக்டீரியாக்களைப் பார்ப்பது. ஒரு தாளைத் தந்து ஐதாக்கல் கணக்குச் செய்யச் சொன்னார்கள். எண்கள் வேறு, பரப்பியது அதே 0.1 மில்லிலீற்றர். பேனையைப் பிடித்துக்கொண்டு சீனக்குடா அண்ணாவை நினைத்துக்கொண்டேன். வருகிற திங்கள் வரச் சொல்லியிருக்கிறார்கள், ஆறு மாதம் தகுதிகாண் காலம். சேமலாப நிதி கடிதத்தில் இருக்கிறது, இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன்.

அம்மா ஆசிரியர் விண்ணப்பத்தையும் போட வைத்துவிட்டார். சங்கிலி கழுத்தில்தான்.

மூதூர் அக்கா, ஞாயிறு இரவு பஸ்ஸில் வருகிறேன். விடியுமுன் புறக்கோட்டையில் இறங்கினால் தனியாக நீர்கொழும்பு பஸ் எடுக்கலாமா, வெளிச்சம் வரும்வரை எங்காவது இருக்க வேண்டுமா?

மூதூர்மகள்:

தனியாக வேண்டாம். என் தோழி கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள், பஸ் நிலையத்துக்கு வரச் சொல்கிறேன். அவள் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஆறரை மணிக்கு பஸ் எடுங்கள். பஸ் இலக்கத்தைத் தனிமடலில் போடுங்கள்.

சீனக்குடா:

மீன் தொழிற்சாலை ஆய்வுகூடம் என்றால் குளிரும் தங்கச்சி. ஒரு தடித்த சுவெற்றரும் இரண்டு சோடிக் காலுறையும் எடுத்து வையுங்கள். முதல் கிழமை தட்டு எண்ணுவதில் சந்தேகம் வந்தால் இரவு எட்டுக்குப் பிறகு எழுதுங்கள், நான் இருப்பேன்.